மியாட்டா, பாக்ஸ்டர், சி5: ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு எது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வீட்டு கராஜிலேயே தானே பிரித்து மாட்டி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று வண்டிகளைப் பற்றித்தான். முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா (1989-1997), 986 என்ற எண்ணால் அறியப்படும் முதல் போர்ஷே பாக்ஸ்டர், ஐந்தாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட்டான சி5 (1997-2004). மூன்றுமே இரண்டு பேர் உட்காரும் வண்டிகள். அமெரிக்காவில் மூன்றுமே செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கின்றன.

குதிரைத்திறனை முதலில் சொல்லி ஒதுக்கிவிடுகிறேன். ஆரம்பகால 1.6 லிட்டர் மியாட்டா 116, ஆரம்பகால 2.5 லிட்டர் பாக்ஸ்டர் 201, ஆரம்பகால சி5 கார்வெட் 345. ஓட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த எண்கள் போதும். கழற்றிப் பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: நான் ஒரு தப்பு செய்தால் இந்த வண்டி என்னை என்ன செய்யும்?

மிச்சிகனில் என் கராஜில் நிற்பது மியாட்டா. பாக்ஸ்டர் நண்பனுடையது, சி5 பக்கத்து வீட்டுக்காரருடையது. மூன்றுக்கு அடியிலும் படுத்திருக்கிறேன் என்பதுதான் இதை எழுத எனக்குள்ள தகுதி. தொழில்முறை மெக்கானிக் இல்லை.

ஒரு பல் தவறினால்

மியாட்டாவில், பிஸ்டன் ஓட்டத்தோடு தாளம் தவறாமல் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட 96,000 கிலோமீட்டர். வால்வுகளைத் திறக்கும் தண்டுகளான கேம் ஷாஃப்டுகளின் முனையில் இருக்கும் இரண்டு கேம் கியர்களிலும் குறிகள் இருக்கும். அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் பெல்ட்டில் 19 பல் வர வேண்டும். முதல் தடவை நான் எண்ணியபோதும் 19தான் வந்தது. எங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதில்தான் கோட்டை விட்டிருந்தேன். எல்லாவற்றையும் மாட்டி, கூலன்ட் ஊற்றி, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆனது. ஆனால் குளிரில் நடுங்குகிற கிழவர் மாதிரி ஐடிலில் ஒரு நடுக்கம். மறுபடியும் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கு, பெல்ட் கவரைக் கழற்று, ஒரு பல் நகர்த்து. போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான்.

அந்த எஞ்சினில் வால்வு முழுதாகத் திறந்து நின்றாலும் பிஸ்டன் அதைத் தொடாது. பெல்ட் நடுவழியில் அறுந்தால்கூட எஞ்சின் நின்றுபோகும், உடையாது. புது பெல்ட் போட்டால் திரும்ப ஓடும். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பெரிய சலுகை எந்த வண்டியும் தருவதில்லை.

பாக்ஸ்டர் கதை நேர் எதிர். அதில் பெல்ட் இல்லை, செயின். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் கேம் ஷாஃப்டுகளுக்கும் நடுவில் ஓர் இடைத்தண்டு சுழல்கிறது. அதன் ஒரு முனையை, கிளட்ச் பக்கத்தில், ஒரு சாதாரண சீல் செய்த பால் பேரிங் தாங்குகிறது. ஐஎம்எஸ் பேரிங் என்று ஊரெல்லாம் பேசுவது இதைத்தான். சீல் நாளாவட்டத்தில் கெட்டிப்படும். உள்ளே இருந்த கிரீஸ் கழுவிப் போகும். ஆனால் புது ஆயில் சரியாக உள்ளே போய் வராது. பேரிங் உடைந்தால் டைமிங் போய்விடும், வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் முடிந்தது. எல்லா வண்டியிலும் இது நடப்பதில்லை. ஆரம்ப வண்டிகளில் இரட்டை வரிசை பேரிங், 2000 வாக்கில் இருந்து ஒற்றை வரிசை. ஒற்றை வரிசைதான் அதிகம் உடைகிறது. 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் இதற்காக ஒரு கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதில் பேசப்பட்ட கணக்குப்படி ஒற்றை வரிசையில் 8 சதவீதம், இரட்டையில் ஒரு சதவீதத்துக்குள். நூற்றுக்கு எட்டு என்றால் குறைவுதான் என்பார்கள். அந்த எட்டில் நம் வண்டி ஒன்றாக இருந்தால் போவது முழு எஞ்சின்.

இந்தப் பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாம். நாங்கள் மாற்றினோம். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழற்றி, கேம் ஷாஃப்டுகளை அதற்கென்று உள்ள கருவியால் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்தி, புல்லரால் பழைய பேரிங்கை இழுத்து எடுக்க வேண்டும். கேமைப் பூட்டும் இடத்தில் என் நண்பன் ஏழு தடவை சரிபார்த்தான். எட்டாவது தடவை, "டேய், நீ ஒரு தடவை பாரு, என் கண்ணை நான் நம்பல" என்றான். மியாட்டாவில் நான் செய்த அதே தப்பை இங்கே செய்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையோடு போயிருக்காது. வெளியே வந்த பழைய பேரிங் நன்றாகவே இருந்தது, சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷமா எரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சி5 இந்த விஷயத்தில் நடுவில் நிற்கிறது. அதன் எல்எஸ்1 என்ற எஞ்சினில் ஒரே கேம் ஷாஃப்ட், அதுவும் பிளாக்குக்கு உள்ளே. அதை ஓட்டுவது ஒரு குட்டைச் செயின். கம்பிகள் வழியாக வால்வுகளைத் தள்ளும் பழைய காலத்துப் புஷ்ராட் அமைப்பு என்று கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்கள் அதன் டைமிங் கவரைக் கழற்றிப் பார்க்காதவர்கள். உள்ளே குழப்பிக்கொள்ள எதுவுமே இல்லை. மிஞ்சிப்போய் எஞ்சினையே கெடுத்துக்கொண்டாலும், இதே குடும்பத்து எஞ்சின்கள் அதே நிறுவனத்தின் டிரக்குகளிலும் போனதால் உடைப்பு யார்டுகளில் மாற்று எஞ்சினும் பாகங்களும் தேடுவது சுலபம்.

கை எங்கே நுழையும்

மியாட்டாவின் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் நீளவாக்கில் படுத்திருக்கும், இரண்டு பக்கமும் தரை தெரியும். ஒரே ஒரு குறை ஆயில் ஃபில்டர். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை ஆயில் வழியும். மாஸ்டாவில் அதை வரைந்த புண்ணியவான் எப்போதாவது தன் கையால் மாற்றிப் பார்த்திருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.

பாக்ஸ்டரில் எஞ்சின் சீட்டுக்கும் பின் டிக்கிக்கும் நடுவில். முன்னும் பின்னும் டிக்கி இருக்கிறது, எஞ்சினைப் பார்க்க மட்டும் வழியில்லை. ஆயிலும் கூலன்டும் ஊற்றப் பின் டிக்கியில் இரண்டு மூடி, சாதாரண ஓட்டுநருக்கு அது போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் மடக்குக் கூரையைப் பாதியில் நிறுத்தி, இணைப்புகளைக் கழற்றித் தூக்கிக் கட்டி, மேல் தட்டை எடுக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டை உரித்து ஒரு பேனலைக் கழற்றினால் பெல்ட் பக்கம் தெரியும். ஸ்பார்க் பிளக் மாற்ற வண்டியைத் தூக்கி, பின் சக்கரப் பக்கமாகக் கீழிருந்து போக வேண்டும். பழகிவிட்டால் இதெல்லாம் ஒரு பூட்டுக்குள் பூட்டு மாதிரி ரசிக்கத்தான் இருக்கிறது.

ஆனால் கிளட்ச் என்று வந்தால் வரிசை தலைகீழாகிறது. எல்லோரும் பயப்படும் பாக்ஸ்டரில் கியர்பாக்ஸ் வண்டியின் வால் பக்கம் இருப்பதால், சைலன்சரையும் ஆக்சில்களையும் கழற்றிவிட்டால் நேராகப் பின்னால் இழுத்து இறக்கலாம். இரண்டு பேர், நான்கு ஜாக் ஸ்டாண்ட், ஒரு டிரான்ஸ்மிஷன் ஜாக்கி இருந்தால் ஒரு வார இறுதியில் முடியும். மியாட்டாவிலும் ஏறக்குறைய அதே வேலைதான், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைக் கூடுதலாகக் கழற்ற வேண்டும்.

சி5இல் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் அச்சோடு. இரண்டுக்கும் நடுவில் டார்க் டியூப் என்ற குழாய். கிளட்ச் இருப்பது எஞ்சின் பக்கம். அதனால் ஒரு கிளட்ச் பிளேட்டைத் தொடுவதற்குச் சைலன்சர் குழாய்கள், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் கிரேடில் என்ற சட்டம், கியர்பாக்ஸ், டார்க் டியூப் என்று வண்டியின் பின்பாதியையே இறக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எல்லா வேலையையும் தானே செய்கிறவர். கிளட்சுக்கு மட்டும் டோ டிரக்கைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இதுக்குச் சிரிச்சா கராஜ் பக்கம் வராதே" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முன்பக்கமும் அப்படி ஒரு வேலை உண்டு. வயதான சி5இல் கிராங்க் முனையிலுள்ள பாலன்சர் புல்லி ஆட்டம் காணும். அதை மாற்ற ஸ்டியரிங் ரேக்கைக் கழற்றி வழிவிட வேண்டும். புல்லி போல்ட் ஒரு முறைதான் பயன்படும், பழையதையே திரும்ப முறுக்கக் கூடாது. வண்டி தரையோடு ஒட்டி நிற்பதால் ஜாக்கி உள்ளே போவதற்கே பலகைமேல் ஏற்ற வேண்டும். எந்த வண்டியானாலும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்; அதை நான் தள்ளுபடியில்லாமல் சொல்வேன்.

நோயைச் சொல்லும் விதம்

எனக்குப் பிடித்த ஒப்பீடு இதுதான். பழைய மியாட்டாவில் பானெட்டுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு துளைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்தால் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு தந்தி அடிப்பது போல மினுக்கும். எண்ணிக்கொண்டால் கோளாறின் எண் கிடைக்கும். செலவு ஒரு ஜெம் கிளிப்.

சி5 இன்னும் தாராளம். எச்சரிக்கைச் செய்திகளை அழித்துவிட்டு, டாஷ்போர்டில் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃப்யூயல் பொத்தானை நான்கு முறை தட்டினால், ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தன் கோளாறுகளைத் திரையில் எழுதிக் காட்டும். வெளியிலிருந்து எந்தக் கருவியும் வேண்டாம்.

பாக்ஸ்டரில் சாதாரண ஸ்கேனர் எஞ்சின் கோளாறைக் காட்டும். ஏர்பேக், ஏபிஎஸ், அலாரம் என்று போனால் போர்ஷேவுக்கென்றே உள்ள மென்பொருளோ கருவியோ தேவை. ஆனால் அதற்கு வேறு ஒரு ஸ்கேனர் உண்டு: ஆயில் ஃபில்டர். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் ஃபில்டரின் மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். மினுங்கும் உலோகத் துகள் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டியதுதான். எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் கொள்ளும் வண்டி என்பதால் அதற்கான பாத்திரமும் பெரிதாக இருக்கட்டும். என்னுடைய பாத்திரம் மியாட்டாவின் நான்கு லிட்டருக்கும் குறைவான ஆயிலுக்காக வாங்கியது. நண்பன் வண்டியில் முதல் தடவை அது நிரம்பி வழிந்து, அந்தக் கறை இன்னும் என் கராஜ் தரையில் இருக்கிறது.

மேம்படுத்த நினைத்தால்

மியாட்டாவில் சொந்த அண்ணன் தம்பி வண்டிகளிலிருந்தே பாகங்களை எடுத்து மாட்டலாம். 1.6 வண்டியின் முன் பிரேக் டிஸ்க் 235 மில்லிமீட்டர். 1994இல் வந்த 1.8 வண்டியில் 255. பெரிய டிஸ்க், பிராக்கெட், பேட் மூன்றையும் மாற்றிக்கொண்டால் பெரிய பிரேக் வந்துவிடும். இரண்டாம் தலைமுறை மியாட்டாவின் கண்ணாடி ஜன்னல் வைத்த மடக்குக் கூரை முதல் தலைமுறையிலும் பொருந்தும். பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகிப் போனவர்களுக்கு அது வரம். 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் பழைய மியாட்டாக்களுக்குப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றை அறிவித்து, மரத்தாலான நார்டி ஸ்டியரிங் வரை சில பாகங்களைத் திரும்பத் தயாரித்தது.

சி5இல் பணம் போட்டால் பலம் வரும். கேம் ஷாஃப்டை மாற்ற சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதில்லை. கேமைச் சுற்றிவிட்டால், கேமின்மேல் உட்கார்ந்து வால்வுக் கம்பிகளைத் தள்ளும் லிஃப்டர்கள் மேலே ஏறித் தங்கள் தட்டுகளில் உட்கார்ந்துகொள்ளும், கேமை முன்பக்கமாக உருவிவிடலாம். கூடவே வால்வு ஸ்பிரிங், கம்ப்யூட்டர் ட்யூனிங். 116 குதிரையில் டர்போ போட்டு நான் எட்ட நினைக்கும் இடத்தைத் தாண்டித்தான் அந்த வண்டி தொடங்கவே செய்கிறது.

பாக்ஸ்டரில் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றுவது காதுக்குத்தான். அதில் நான் மேம்பாடு என்று எண்ணுவது தடுப்பு வேலைகளை: பேரிங், தண்ணீர் பம்பு, விரிசல் விடும் கூலன்ட் தொட்டி, கெட்டுப்போனால் வெள்ளைப் புகையாகக் கக்க வைக்கும் ஆயில் செபரேட்டர். போர்ஷே பாகம் என்றால் விலை போர்ஷே விலைதான், விதிவிலக்குகளும் உண்டு. அடிக்கடி போகும் இக்னிஷன் சுவிட்சின் மின்பகுதி ஆடி கார்களில் வந்த அதே பாகம். ஆடி பெயரில் கேட்டால் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது

மியாட்டா என்றால் கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கூரைத் தண்ணீர் வடியும் குழாய் அடைத்தால் அங்கேதான் துரு பிடிக்கும். எங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள், இங்கே ஓடியதென்றால் இன்னும் மோசம். 1990, 1991 வண்டியென்றால் கிராங்க் புல்லியில் எத்தனை வெட்டுகள் என்று எண்ணுங்கள். நான்கு என்றால் கிராங்கின் முனை பலவீனமான பழைய வகை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். சி5இல் பேட்டரிக்கு அடியில் டார்ச் அடியுங்கள். பேட்டரி கசிந்து அமிலம் வயரிங்கையும் கம்ப்யூட்டரையும் தின்றிருக்கும் வண்டிகள் உண்டு. கிளட்சை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், ரசீதையும் கேளுங்கள். பாக்ஸ்டரில் ரசீதுதான் எல்லாமே.

சொந்தமாகக் கழற்றிக் கற்றுக்கொள்ள முதல் வண்டி என்றால் தயங்காமல் மியாட்டா என்பேன். கற்றுக்கொண்டவருக்கு, முறையாக வேலை பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு, பாக்ஸ்டர் அந்த விலைக்கு ஓட்டத்தில் ஈடில்லாதது. வேகம்தான் வேண்டும், கிளட்ச் வேலையை மட்டும் வெளியே கொடுக்கத் தயார் என்றால் சி5. என் நண்பன் பாக்ஸ்டரை விற்கலாமா என்று இப்போது யோசிக்கிறான். எடுத்துப் போட்ட அந்தப் பழைய பேரிங்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரசீதுகளோடு சேர்த்து ஃபைலில் வைத்திருக்கிறான். வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் சுற்றிப் பார்ப்பாராம்.