சின்ன கவுண்டியின் வறுமைக் கணக்கு: ஏசிஎஸ்ஸா, சைப்பா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அவுஸ்லி என்றொரு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). மொத்தமே சுமார் 4,000 பேர். அங்கே குழந்தைகளில் எத்தனை பேர் ஏழைகள், முதியவர்களில் எத்தனை பேர் என்று தேடினால் அரசின் சென்சஸ் பீரோவே இரண்டு கணக்குகளை நீட்டும்: ஒன்று ஏசிஎஸ் (American Community Survey), சில வீடுகளை மட்டும் கேட்டு எடுப்பது; மற்றது சைப் (SAIPE), சிறு பகுதிகளின் வருமானம், வறுமை பற்றிய மதிப்பீடு. இரண்டும் இலவசம், எண்கள்தான் ஒத்துப்போகாது.

வயதுப் பிரிவு
ஏசிஎஸ்: 5 வயதுக்குக் கீழே தொடங்கி 75-க்கு மேல் வரை, ஆண் பெண் தனித்தனியாக.
சைப்: எல்லா வயதினரும், 18-க்குக் கீழே, குடும்பத்தோடு வாழும் 5–17. அவ்வளவுதான். முதியவர்களுக்குத் தனி எண்ணே இல்லை.

புதுசா?
ஏசிஎஸ்: இவ்வளவு சின்ன இடத்துக்கு 5 ஆண்டுகளைச் சேர்த்த கணக்கு மட்டுமே.
சைப்: ஆண்டுதோறும் புது எண்.

நம்பலாமா?
ஏசிஎஸ்: மாதிரிக் கணக்கெடுப்பு. வயதுவாரியாகப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு கட்டத்திலும் சிலரே மிஞ்சுவார்கள். பிழை வரம்பு (எண் இரு பக்கமும் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) சில நேரம் எண்ணையே விழுங்கிவிடும். அதைப் பார்க்காமல் 'முதியோர் வறுமை குறைந்துவிட்டது' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.
சைப்: வருமான வரிக் கணக்கு, உணவு உதவி பெறுவோர் பதிவு, ஏசிஎஸ் எல்லாம் கலந்து கணிக்கும் புள்ளியியல் மாடல். எண்ணில் ஏற்ற இறக்க ஆட்டம் குறைவு.

முதியோர் எண்ணை இளையோரோடு ஒப்பிடுமுன் ஒரு சங்கதி: தனியே வாழும் 65 வயதைத் தாண்டியவருக்கு வறுமைக்கோடே இளையவரைவிடச் சற்றுத் தாழ்வு.

சரி, எதை எடுப்பது? பள்ளிப் பிள்ளைகள் பற்றியென்றால் சைப். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கான மத்திய அரசின் டைட்டில் ஒன் நிதியைப் பிரிப்பதும் அதை வைத்துத்தான். முதியோர் உணவுத் திட்டத்துக்கு மனு எழுதுகிறீர்களா? ஏசிஎஸ்தான், பிழை வரம்பையும் பக்கத்திலேயே போடுங்கள்.