புறாமலைக்கு பிள்ளையளோட போறவை முதல்ல இதைப் பாருங்கோ

பதினொரு வருசத்துக்குப் பிறகு இந்த ஜூலையில கனடாவில இருந்து திருகோணமலைக்கு போட்டு வந்தனாங்கள். கோணேசர் கோயில், கோட்டைக்குள்ள மான், கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலயும் வாளியால அள்ளிக் குளிச்சது எல்லாம் சந்தோசமா முடிஞ்சுது, அதுகள் உங்களுக்கு தெரிஞ்சதுதானே. புறாமலைத் தீவுக்கு போகேக்க நடந்ததை மட்டும் எழுதுறன்.

நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான், போட்டில பத்து நிமிசம். அந்த சீசனில கடல் குளம் மாதிரித்தான் கிடக்கும். நாங்கள் சின்னனில அப்பான்ர கூட்டாளியின்ர மீன்பிடி வள்ளத்தில லைஃப் ஜாக்கெட் ஒண்டும் இல்லாமல்தான் போனனாங்கள், அப்ப ஆரும் யோசிக்கேல்லை. இப்ப எனக்கு ஏழு வயசில ஒரு மகன்.

காசு கதைச்சு முடிஞ்ச பிறகு போட்டுக்காரத் தம்பி ஒரு குவியல் ஆரஞ்சு ஜாக்கெட் கொண்டு வந்து போட்டார், எல்லாம் பெரிய ஆக்களின்ர சைஸ். ஒண்டை மகனுக்கு கொழுவினா தோள்ப்பட்டை காதுக்கு மேல நிக்குது, பக்கிள் உடைஞ்ச இடத்தில நைலோன் கயித்தால முடிச்சு. ரெண்டு கையையும் தூக்கு எண்டன், தூக்கினவன் அப்பிடியே கீழால வழுகி மணலில வந்து நிண்டிட்டான். தண்ணிக்குள்ள இது நடந்தா என்ன செய்யிறது? "ஒண்டும் நடக்காது அண்ணை, ஒவ்வொரு நாளும் சின்னாக்களை கொண்டு போறம்" எண்டுறார். கனடாவில போட்டில ஏறுற ஒவ்வொராளுக்கும் அளவான ஜாக்கெட் இருக்கவேணும், சட்டமே அதுதான். எனக்கு சரியான கோவம், மனுசி வேற "வந்த இடத்தில ஏனப்பா சண்டை" எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறா. முக்கால் மணித்தியாலம் வெயிலுக்குள்ள நிண்டம்.

அப்பதான் பக்கத்துப் போட்டில வலை பிரிச்சுக்கொண்டு இருந்த ஒரு ஐயா, கதைச்சதெல்லாம் கேட்டிருக்கிறார் போல, உள்ளுக்க கையை விட்டு ஒரு சின்ன நீல ஜாக்கெட்டை எடுத்தார். "பேரன்ர, அவன் பள்ளிக்கூடம் போட்டான்." கவட்டுக்குள்ளால போற பட்டியோட, நல்ல ஜாக்கெட். மகனுக்கு போட்டு, பட்டியை இறுக்கி, ரெண்டு தோளிலயும் பிடிச்சு ஒரு தூக்கு தூக்கிப் பாத்தார். வழுகேல்லை. ஸ்காபரோவில நீச்சல் வகுப்பில வாத்தி செய்யிற அதே சோதனை! ஆர் சொல்லிக் குடுத்ததெண்டு கேட்டன், "கடலுக்கு போற வீட்டில இது தெரியாட்டி எப்பிடி மோனே" எண்டார். எனக்கு தொண்டை அடைச்சுப் போச்சு.

அவரின்ர போட்டிலயே போனம். செட்டை முனை கறுத்த குட்டிச் சுறா நாலைஞ்சு காலடியில சுத்திச்சுது, மகன் இன்னும் அதையே சொல்லிக்கொண்டு திரியிறான். ஒண்டுதான் வயித்தெரிச்சல், 2003இல தேசிய பூங்காவா ஆக்கின இடம், அங்க சனம் முருகைக்கல்லுக்கு (பவளப்பாறை) மேல ஏறி நிண்டு போட்டோ எடுக்குது. அது உயிர், மிதிச்சா செத்துப்போம். ஐயா சத்தம் போட்டுத்தான் ஒரு கூட்டத்தை இறக்கினவர்.

மே தொடக்கம் செப்டெம்பருக்குள்ள சின்னப் பிள்ளையளோட போறவை, நீங்கள் இருக்கிற இடத்தில இருந்தே பிள்ளைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் கொண்டு போங்கோ, பெட்டியில பெரிய பாரம் இல்லை. திரும்பி வரேக்க கரையில பிள்ளையளை ஏத்துற ஒரு போட்டுக்காரரிட்ட குடுத்திட்டு வாங்கோ. நாங்கள் அடுத்தமுறைக்கு மூண்டு சைஸில வாங்கி வைச்சிட்டம்.