காயகல்ப் போதுமா, என்.க்யூ.ஏ.எஸ். வேண்டுமா? ஓர் எல்லையோர பி.எச்.சி.யின் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில், கேரள எல்லையான குமுளி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தரச்சான்று வேலைக்கு நோடல் ஆளாக, அதாவது பொறுப்பாளாக, என் பெயரைப் போட்ட நாளில் எங்கள் முன் மூன்று வழி இருந்தது. கிட்டத்தட்ட வருடா வருடம் வாங்கிக்கொண்டிருந்த காயகல்ப் என்ற தூய்மை விருதோடு நிற்பது. தேசியத் தரச்சான்றான என்.க்யூ.ஏ.எஸ்.ஸுக்குப் போவது. மூன்றாவதாக என்.ஏ.பி.எச். இதைக் கொண்டுவந்தவர் நோயாளிகள் நலச் சங்கத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். "டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல அந்த போர்டுதாம்மா மாட்டியிருக்கான். நம்மளும் வாங்குனா என்ன?" என்று கேட்டார்.

நாங்கள் என்.க்யூ.ஏ.எஸ்.ஸுக்குப் போனோம். வாங்கியும் விட்டோம். அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்.ஏ.பி.எச். பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும், இந்தியத் தர கவுன்சிலின் கீழ் வரும் வாரியம். 50 படுக்கைக்குள் உள்ள சிறிய மருத்துவமனைகளுக்கென்று தனித் தரநிலையும், அதற்கு முன்படியாக என்ட்ரி லெவல் சான்றும் உண்டு. தனியாருக்கு அது லாபம், காப்பீட்டுத் தொகை கூடுதலாகக் கிடைக்கும். பிரசவமும் ஓ.பி.யும் தடுப்பூசியுமாக ஓடுகிற எங்களுக்கு அந்தக் காப்பீட்டுக் கணக்கே கிடையாது. விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் எல்லாம் நாம் கட்ட வேண்டும். என்.க்யூ.ஏ.எஸ்.ஸில் நேர்மாறு, வாங்கினால் நமக்குப் பணம் வரும். என்.ஏ.பி.எச். ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்ததில்லை. கூடப் படித்தவள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்றில் இருக்கிறாள். உள்ளே ஒழுங்கு நன்றாக இருக்கும் என்கிறாள், நம்புகிறேன். ஆனால் அங்கே தரத்துக்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். இங்கே தரம் பார்ப்பவளும் நான்தான், நைட் டூட்டி பார்ப்பவளும் நான்தான். ஒரு காலத்தில் நம் பி.எச்.சி.களில் ஐ.எஸ்.ஓ. சான்று வாங்குவதும் நடந்தது. இப்போது அந்தப் பேச்சே குறைந்துவிட்டது.

ஆக, உண்மையான போட்டி காயகல்ப்புக்கும் என்.க்யூ.ஏ.எஸ்.ஸுக்கும்தான்.

காயகல்ப் 2015-இல் தூய்மை இந்தியா திட்டத்தோடு சேர்ந்து வந்தது. வளாகப் பராமரிப்பு, துப்புரவு, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு என்று சுற்றும். முதலில் நாமே மதிப்பெண் போட வேண்டும், பிறகு பக்கத்து நிலையத்துக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், கடைசியில் வெளி ஆட்கள். மாவட்டத்தில் முதலிடம் வரும் பி.எச்.சி.க்கு 2 லட்சம், 70 சதவீதம் தாண்டுகிற மற்ற நிலையங்களுக்கு 50 ஆயிரம். ஒரு வருடம் தவிர நாங்கள் தொடர்ந்து அந்த 50 ஆயிரக் கூட்டத்தில் இருந்தோம். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காயகல்ப் இல்லாவிட்டால் எங்கள் லேபர் ரூம் கழிவறைக்குக் கதவு வந்திருக்காது. ஊழியர்களுக்கு மனதளவில் அது எளிதும்கூட. பெருக்கு, துடை, பெயின்ட் அடி, செடி வை. செய்த வேலை சாயங்காலமே கண்ணுக்குத் தெரியும்.

என்.க்யூ.ஏ.எஸ். வேறு ரகம். 2013-இல் வந்த தரநிலைகள், எட்டு பகுதிகள். என்ன சேவை தருகிறோம் என்பதில் ஆரம்பித்து நோயாளி உரிமை, கட்டடம் கருவி ஆட்கள், துணைச் சேவை, சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, கடைசியில் விளைவு. எங்களைப் போலப் படுக்கை உள்ள பி.எச்.சி.க்கு ஓ.பி., பிரசவ அறை, உள்நோயாளி, லேப், தேசியத் திட்டங்கள், நிர்வாகம் என்று ஆறு செக்லிஸ்ட். ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தத்தில் 70 வந்தால் போதாது, ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக 70 தாண்ட வேண்டும். எங்கள் ஒத்திகை மதிப்பீட்டில் மொத்தம் 76 வந்தது, ஆனால் லேப் 61-இல் நின்றது. ரிசல்ட் சரியாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது சரி என்று வெளியே ஓர் ஆய்வகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பதிவு ஒன்றுகூட இல்லை. காயகல்ப்பில் தோட்டத்தின் அழகு இதையெல்லாம் மூடியிருக்கும். இங்கே ரோஜாச் செடியால் லேபைக் காப்பாற்ற முடியாது.

பணக் கணக்கும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பி.எச்.சி.க்கு வருடம் 3 லட்சம், மூன்று வருடம். இரண்டாம், மூன்றாம் வருடப் பணம் வர, மாநிலம் நடத்தும் கண்காணிப்பு மதிப்பீட்டில் நிற்க வேண்டும். பி.பி. கருவியும் எடை மெஷினும் காலிபிரேஷன் பண்ண, தீயணைப்பு சிலிண்டர் நிரப்ப, இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற என்று பார்த்தால் இந்தப் பணத்துக்கு வேலை நிறைய இருக்கிறது.

ஆனால் எனக்கு முடிவைத் தந்தது பணமோ மதிப்பெண்ணோ இல்லை. மாற்றல்.

எல்லையோர நிலையங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். டாக்டர் வருவார், மேல்படிப்புக்குப் போவார். லேப் டெக்னீஷியன் கவுன்சலிங்கில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவார். அப்படியானால் வாங்குகிற சான்று யார் தலையில் நிற்கிறது? காயகல்ப்பில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். செடி, பெயின்ட், போர்டு எல்லாம் ஒரு டாக்டரின் ஆர்வம். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து நிற்பார். அவர் மாற்றலாகிப் போன வருடம் பக்கத்து நிலையத்துக்காரர்கள் வந்து பார்த்த சுற்றிலேயே 70-க்குக் கீழே விழுந்தோம். சுவர் அதே சுவர்தான். தண்ணி ஊற்றச் சொல்ல ஆள் இல்லை.

என்.க்யூ.ஏ.எஸ்.ஸிலும் முதலில் அதே தப்பைத்தான் செய்தோம். எனக்கு மூத்த நர்ஸ் அக்கா ஒருவர் 22 கோப்புகளைத் தானே எழுதி, தானே அடுக்கினார். வெளி மதிப்பீட்டுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. மறுநாள் காலையில் நான் பிரசவ அறையில் நிற்கிறேன். பிரசவத்துக்கான மருந்தும் கருவியும் வைக்கிற ஏழு டிரேயில் எதில் என்ன இருக்க வேண்டும் என்று கோப்பில் இருக்கிறது, கையில் இல்லை. அன்று அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

அப்புறம்தான் அந்த செக்லிஸ்ட்டை ஒழுங்காகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று குறித்திருக்கிறது: நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் பார்ப்பது, நோயாளியைக் கேட்பது. ஊழியரைக் கேட்பது என்றால் நோடல் நர்ஸை மட்டும் இல்லை. யார் அந்த வேலையைச் செய்கிறாரோ அவரை. கோப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் துப்புரவுப் பணியாளருக்குப் பதில் தெரியவில்லை என்றால் மதிப்பெண் போச்சு. மற்றவர்கள் இதைத் தொல்லை என்பார்கள். எனக்கு இதுதான் அதன் பெரிய குணம்.

அதனால் முறையை மாற்றினோம். டிரே பட்டியல் டிரே இருக்கிற இடத்திலேயே ஒட்டப்பட்டது. தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டியான ஐ.எல்.ஆரின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதும் வேலை முறை போட்டு எல்லோருக்கும் வந்தது. 2 டிகிரிக்குக் கீழே போனால், 8-க்கு மேலே ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று பார்மசிஸ்ட்டுக்கும் தெரியும், வாட்ச்மேன் அண்ணனுக்கும் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் ஓ.பி. முடிந்ததும் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்போம். துப்புரவு வேலை பார்க்கும் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மதிப்பீட்டாளர் கேட்டபோது, "ஊசி வெள்ள டப்பாவுக்கு, சிரிஞ்சு செவப்புக்கு, நஞ்சுக்கொடி மஞ்சளுக்கு, உடைஞ்ச பாட்டில் நீலத்துக்கு. கலந்து போட்டா அள்ளுறது நான்தானே சார்" என்றார். மருத்துவக் கழிவுக்கான 2016 விதிகளை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மதிப்பீட்டுக்கு வந்த இருவரில் ஒருவர் மலையாளி. நோயாளிகளிடம் பேச மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று தயாராக நின்றேன். எங்கள் ஓ.பி.யில் பாதிப் பேர் ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப் ஏறி குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் போகிறவர்கள். அவர் தமிழில் தடுமாறி ஆரம்பித்தார், அந்த அக்காக்கள் மலையாளத்தில் பதில் சொன்னார்கள். ஒருத்தி ஒளிக்காமல் குறையையும் சொன்னாள்: ஜீப் இறங்கி வரும்போது சாயங்காலம் ஆகிவிடுகிறது, அப்போது டாக்டர் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எல்லைக்கே உரிய சிக்கல் தேசியத் திட்டப் பிரிவில்தான் இருந்தது. காசநோய் மாத்திரை எடுப்பவர் மாதக்கணக்கில் வண்டன்மேடு பக்கம் தோட்டத்திலேயே தங்கிவிட்டால் நம் கணக்கில் விட்டுப்போனவர். காசநோயாளிகளின் தேசிய இணையப் பதிவான நிக்ஷயில் உள்ள எண்ணை வைத்து அங்குள்ள நிலையத்துக்கு மாற்றிவிடலாம் என்பது எங்களுக்கு ஏட்டளவில் தெரிந்திருந்ததே தவிர, செய்து பழக்கமில்லை. என்.க்யூ.ஏ.எஸ். தயாரிப்பில்தான் பழகினோம். காயகல்ப் இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காது. கேரளாவில் காசர்கோடு மாவட்டத்துக் கையூர் நிலையம் என்.க்யூ.ஏ.எஸ்.ஸில் 99 சதவீதம் எடுத்தது. எங்கள் எண் அதன் பக்கத்தில்கூட வராது.

முதல் வருடக் கண்காணிப்பு மதிப்பீடு வந்தபோது டாக்டர் புதுசு, லேப் டெக்னீஷியன் புதுசு, நான் மகளின் பிரசவத்துக்கு லீவில் இருந்தேன். மூன்று சதவீதம்தான் இறங்கியது. டாக்டர் போனதும் 70-க்குக் கீழே விழுந்த காயகல்ப் வருடத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை. இது ஒரே ஒரு நிலையத்தின் அனுபவம்தான். ஆட்கள் நிறைய இருக்கிற மேம்படுத்தப்பட்ட நிலையத்தில் கணக்கு வேறாக இருக்கலாம். ஸ்டாஃப் நர்ஸ் மூன்று பேர் முழுசாக இல்லாத இடத்தில், முதல் வருடமே இதில் இறங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். காயகல்ப் ஒரு வருடம் வாங்கிக் கை பழகட்டும். எப்படியும் அதன் கழிவு மேலாண்மையும் தொற்றுத் தடுப்பும் இதற்குள் வந்து சேரும், உழைப்பு வீணாகாது.

என்.க்யூ.ஏ.எஸ்.ஸில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. எழுத்து வேலை. நைட் டூட்டியில் இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு ஆறு பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் இரண்டை நிறுத்தினாலும் நோயாளிக்கு ஒன்றும் குறையாது என்று நினைக்கிறேன், எந்த இரண்டு என்று கேட்டால் எங்களுக்குள்ளேயே சண்டை வரும்.

இப்போது அடுத்த கேள்வி துணை சுகாதார நிலையத்துக்கு. அவற்றுக்கு 2024 ஜூனிலிருந்து இணையவழி மதிப்பீடு வந்திருக்கிறது, ஆள் நேரில் வராமல் வீடியோவிலேயே பார்ப்பார்கள். போக்குவரத்து மிச்சம், தேதிக்காகக் காத்திருப்பதும் குறைவு. ஆனால் எங்கள் மலையடிவாரத் துணை நிலையத்தில் போனுக்கு இடுக்கி டவர்தான் பிடிக்கிறது, அதுவும் வாசல் வேப்பமரத்தடியில். தடுப்பூசி அறைக்குள் போனால் படம் நின்றுவிடுகிறது. வருகிற புதன்கிழமை தடுப்பூசி முடிந்ததும் வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காவும் நானும் ஆளுக்கொரு கம்பெனி சிம்மைப் போட்டு அறை அறையாக நடந்து பார்க்கப் போகிறோம்.