முதலுதவிப் பெட்டி வாங்கப் போய் ரூ.18,400 போச்சு

கொதிப்பு அடங்குறதுக்குள்ள எழுதிடுறேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பிரிச்சுச் சுண்ணாம்புச் சாந்து பூசுற வேலை, நாலு இடம். இடத்துக்கு ஒண்ணா நாலு முதலுதவிப் பெட்டி, ஒண்ணு ரூ.4,600. வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்குற ஒரு மருத்துவப் பொருள் மொத்தக் கடை.

வீடியோ கால்ல பெட்டியைத் திறந்து காட்டினான். சீல் வச்ச காஸ் (காயத்து மேல வைக்கிற வலைத்துணி), 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ், அரை லிட்டர் சலைன் ரெண்டு. "சுண்ணாம்பு வேலைன்னீங்கள்ல அண்ணே, கண்ணு கழுவத்தான் சலைன் வச்சிருக்கேன்"னான். கேக்காமலே சொன்னான் பாருங்க, அதுலதான் விழுந்தது. ரூ.18,400-ம் அப்பவே ஜிபேல போயிருச்சு.

வந்தது என்ன? சலைனுக்குப் பதிலா 10 மி.லி. கண் சொட்டு மருந்து. தண்ணி ஊத்தி நீத்துற சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சா இமையை விரிச்சுப் பிடிச்சுக் குறைஞ்சது 20 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவணும், அப்புறம் ஆஸ்பத்திரி. அரை லிட்டர் சலைனே குழாயடிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்தான் வரும். இந்தச் சொட்டு எந்த மூலைக்கு? கிரேப் பேண்டேஜ் இழுத்தா நீளவே இல்ல, வெறும் காடாத்துணி. காஸ் பாக்கெட்ல 'ஸ்டெரைல்'னு எழுத்தும் இல்ல, பேட்ச் நம்பரும் இல்ல. காயத்துல போடுற பொவிடோன் அயோடின்ல காலாவதித் தேதி மேல ஸ்டிக்கர். உரிச்சா போன வருஷம். ஓஆர்எஸ்னு வச்சது வெறும் குளுக்கோஸ் பொடி, சோடியம் பொட்டாசியம் பேச்சே இல்ல.

எல்லாத்தையும் விட மோசம், 'பாம்புக்கடி செட்'டுன்னு ஒரு கயிறும் பிளேடும். பூட்டிக் கிடந்த வீட்டுல ஓட்டுக் குவியலைப் புரட்டுறப்ப விரியன் இருக்கத்தான் செய்யும். கடிபட்ட காலை இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு சதை அழுகும். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, அதுல பிளேடு வச்சுக் கீறினா ரத்தம் நிக்காது. கால் அசையாம மட்டை வச்சுக் கட்டி, நடக்க விடாம, 108-ஐக் கூப்பிடுறதுதான் முறை.

போட்டோ அனுப்பினா முதல் நாள், "பேக்கிங் பையன் மாத்திட்டான் அண்ணே." மறுநாள், "திறந்த பெட்டிக்கு ரிட்டர்ன் இல்லீங்க." அப்புறம் "ஓனர் திருப்பதி போயிருக்கார்." இப்ப போனே எடுக்கல. ரூ.18,400, ஒரு சித்தாளோட எத்தனை நாள் கூலி!

அவசரமா ரெண்டு வார்த்தை. முழுப் பணமும் முன்னாடி அனுப்பாதீங்க. பெட்டியா வாங்காம, பேட்ச் நம்பர் போட்ட பில்லோட உள்ளூர் மெடிக்கல்ல தனித்தனியா வாங்குங்க. பார்சலை வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுத்தாச்சு, பாப்போம்.

உங்க பெட்டியில அந்தக் கயிறும் பிளேடும் இருந்தா இன்னிக்கே எடுத்து வீசுங்க.