“வேலை உறுதி” பயிற்சி மையம்: கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தை பிறந்துவிட்டால் இந்தப் பயிற்சி மையக்காரர்கள் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குவார்கள். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறுகிற நேரமும் அதுதான். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மையத்தின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் மனு இருக்கிறது, அது முடியட்டும்.

என் தம்பி பாபநாசம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்சி. கணிதம் படித்தவன். அவனுடைய கல்லூரி செமினார் ஹாலில் “இலவச வேலை வழிகாட்டி நிகழ்ச்சி” என்று ஒன்று நடந்தது. வந்தவுடன் எல்லோருக்கும் ஒரு பாரம். அப்பா பெயர், அப்பா போன் நம்பர், என்ன தொழில், வீட்டில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், சொந்த வீடா வாடகையா. வழிகாட்ட வந்தவருக்கு எங்கள் வீட்டு வருமானம் எதற்கு? பிறகு அரை மணி நேரம் ஆப்டிடியூட் தேர்வு. எழுதிய அத்தனை பேரும் பாஸ்.

மறுநாளே அப்பாவுக்கு போன். “அய்யா, உங்க பையன் ஸ்காலர்ஷிப்ல செலக்ட் ஆயிருக்கான். ஒண்ணேகால் லட்ச ரூபா கோர்ஸ், உங்களுக்கு அறுபதாயிரந்தான். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க, சீட்டு தீர்ந்துடும்.” யாருமே ஒண்ணேகால் லட்சம் கட்டியதில்லை என்பது பின்னால் தெரிந்தது. எல்லோருக்கும் அதே ஸ்காலர்ஷிப், எல்லோருக்கும் அதே அறுபதாயிரம்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கையில் அவ்வளவு இல்லை என்று அப்பா சொன்னதும், “பரவால்ல அய்யா, மாசம் ஐயாயிரம் கட்டுங்க, வட்டியே கிடையாது” என்று ஆதார், பான் கார்டு வாங்கி, ஒரு செல்ஃபி எடுத்து, அவர் போனுக்கு வந்த ஓடிபியையும் அவர்களே பார்த்துத் தட்டிக்கொண்டார்கள். மையத்துக்குத் தவணை கட்டுகிறோம் என்றுதான் அப்பா நினைத்தார். உண்மையில் அது ஒரு நிதி நிறுவனம் அப்பா பேரில் கொடுத்த கடன். பணம் மொத்தமாக மையத்தின் கணக்குக்குப் போய்விட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் மையத்துக்குக் கவலையில்லை. தவணை நின்றால் அப்பாவின் சிபில் ஸ்கோர்தான் விழும், நாளைக்கு டிராக்டர் லோனுக்குப் போனால் வங்கியில் கையை விரிப்பார்கள்.

இப்படி ஆன்லைனில் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதிமுறை போட்டிருக்கிறது. கடனின் மொத்த விவரமும் ஒரே தாளில் வாங்குபவருக்குத் தர வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளக் குறுகிய அவகாசமும் தர வேண்டும். அப்பாவுக்கு அந்தத் தாள் வந்திருக்கிறது, மெயிலில். அந்த மெயில் ஐடியை உருவாக்கியதே மையத்து ரிசப்ஷன் பெண். பாஸ்வேர்டும் அந்தப் பெண்ணிடம்தான். அவகாசம் முடிந்து வெகு நாள் கழித்துத்தான் அப்படி ஒரு மெயில் இருப்பதே எங்களுக்குத் தெரியும்.

வகுப்பைப் பற்றி எழுத அதிகம் இல்லை. யூடியூபில் கிடைக்கும் வீடியோவை புரொஜெக்டரில் ஓட்டினார்கள். ரெஸ்யூம் தயாரித்துக் கொடுத்ததைத்தான் சொல்ல வேண்டும். தம்பியின் ரெஸ்யூமில் பெயரும் போன் நம்பரும் மட்டுமே அவனுடையவை. “புராஜெக்ட்” என்ற இடத்தில் ஏதோ இன்ஜினியரிங் பையன் செய்த தண்ணீர் மோட்டார் தானியங்கி ஸ்விட்ச். கணிதம் படித்தவன் இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வான்? மாற்றச் சொன்னதற்கு, “அதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க தம்பி” என்று பதில்.

வாசல் ஃபிளெக்ஸில் பெரிய கம்பெனி லோகோவோடு சிரிக்கும் பெண், தம்பியின் கல்லூரி சீனியர். கல்லூரி கேம்பஸ் இன்டர்வியூவில் அவராகவே வாங்கிய வேலை அது. இந்த மையத்துக்குக் கொஞ்ச நாள் வந்து நின்றுவிட்டவர். போட்டோவுக்கு யாரும் அவரிடம் கேட்கவில்லை. பயிற்சி மைய விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வேலை உறுதி என்று பொய் விளம்பரம் செய்யக்கூடாது, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மாணவர் படத்தையும் போடக்கூடாது. அந்த ஃபிளெக்ஸைப் போட்டோ எடுத்து மனுவோடு வைத்திருக்கிறோம்.

“பிளேஸ்மென்ட்” என்று ஒரு நாள் சென்னை கிண்டிக்கு அனுப்பினார்கள். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போனான். போய்ப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கம்பெனியே அறிவித்திருந்த வாக்-இன். கிரெடிட் கார்டு விற்கும் வேலை. வரிசையில் நின்ற மற்றவர்கள் ஒரு பைசா கொடுக்காமல் வந்தவர்கள். மையத்தின் ஒப்பந்தத்தில் நான்காம் பக்கம் இருக்கிறது: மூன்று இன்டர்வியூவுக்கு அனுப்பினால் அவர்கள் பொறுப்பு முடிந்தது. வாசலில் 100 சதவீதம் வேலை உறுதி, உள்ளே நான்காம் பக்கம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு ரத்தம் கொதித்த இடம். “ஃப்ரெஷருக்கு மார்க்கெட் இல்ல, ஒண்ணரை வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம், அதுக்குத் தனியா பதினஞ்சாயிரம்” என்றார்கள். பெங்களூர் முகவரியில் ஒரு கம்பெனி லெட்டர்ஹெட், சம்பளச் சீட்டு எல்லாம் தயாராக இருந்தது. நான் திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் பிஎஃப் கணக்கு பார்க்கிறேன். இந்தப் பொய் எப்படிப் பிடிபடும் என்று எனக்குத் தெரியும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி பிஎஃப் கட்டியே ஆக வேண்டும். பிஎஃப்பில் சேர்ந்தவருக்கு யுஏஎன் என்று ஒரு எண், அதில் எந்தக் கம்பெனி எந்த மாதம் கட்டியது என்று வரிசையாக இருக்கும். புது வேலையில் சேரும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். வேலை பார்த்ததாகச் சொல்லும் மாதங்களில் அது காலியாக இருந்தால் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்புவார்கள். மோசடி ஆவணம் கொடுத்தவன் என்ற பெயர் பையனுக்குத்தான், மையத்துக்கு இல்லை. அந்தப் பெங்களூர் கம்பெனியை நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினேன். அந்தப் பெயரில் பதிவே இல்லை.

“இதுல கையெழுத்துப் போடாதடா” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அப்பாவோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அப்போதுதான் அடுத்த பூதம். அவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க்ஷீட்டை “வெரிஃபிகேஷன்” என்று வாங்கி வைத்திருந்தார்கள். பாக்கித் தவணை முழுவதும் கட்டினால்தான் தருவார்களாம். போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து, மனுவை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் போனதும் அன்று மாலையே மார்க்ஷீட் கைக்கு வந்தது. பணம் வரவில்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், அறுபதாயிரத்துக்கு அவர்கள் விற்றதெல்லாம் சும்மா கிடைப்பவை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் திறன் பயிற்சி இருக்கிறது. தம்பியின் கல்லூரியிலும் இருந்தது, “அதெல்லாம் பேருக்குத்தான் அக்கா” என்று அலட்சியமாக இருந்துவிட்டான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் பதிவு போடுவதற்கு மட்டும் இல்லை. தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளுக்கு இலவச வகுப்பு எடுக்கிறார்கள், தனியார் வேலைவாய்ப்பு முகாமும் அவர்கள் நடத்துவதே. இப்போது அங்கேதான் போகிறான். ரெஸ்யூமையும் அவனே ஒரு பக்கத்துக்குள் எழுதிக்கொண்டான். நாலு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தது அதில் இருக்கிறது, மோட்டார் ஸ்விட்ச் இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு: ஆன்லைனில் பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். பயிற்சி மையத்தின் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது. மையம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி 30 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். நாங்கள் இரண்டு பக்கமும் போயிருக்கிறோம். அது முடியும்வரை தவணையை நிறுத்தாமல் கட்டி வருகிறோம், சிபிலுக்குப் பயந்துதான்.

எங்கள் மனுவோடு தம்பியின் வகுப்புத் தோழர்கள் சிலரும் சேரப் பார்க்கிறார்கள். பாதிப்பு ஒரே மாதிரி என்றால் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகப் போட வழி இருக்கிறது. தஞ்சாவூரில் மேல்மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தில் இதே கதை நடந்தவர்கள் யாராவது இருந்தால், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும், கடன் ஸ்டேட்மெண்டையும், மையத்தோடு பேசிய வாட்ஸ்அப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். குறிப்பாக ஒண்ணேகால் லட்சம் என்று அச்சடித்த அந்த ஸ்காலர்ஷிப் கடிதம். எங்கள் வீட்டில் இருந்ததை அன்றே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.