பாகற்காய்க்கு வாங்கி, பக்கத்துக் கொய்யாவுக்கு உழைத்த ஈப் பொறி

மாடித்தோட்டத்துக்கு ஆன்லைனில் வாங்கிய பழ ஈப் பொறியைப் பற்றி எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று ஸ்டார். கோபத்தில் முதலில் ஒன்றுதான் போட்டிருந்தேன், அப்புறம் தப்பில் பாதி என்னுடையது என்று புரிந்ததால் ஏற்றினேன்.

வீடு பெங்களூர் ராமமூர்த்தி நகரில், மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி. பந்தல் போட்டுப் பாகலும் பீர்க்கனும் விட்டிருந்தேன். பிப்ரவரியில் பந்தல் முழுக்கப் பிஞ்சு, எனக்கு ஒரே பெருமை. பத்து நாளில் ஒவ்வொரு பிஞ்சும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, பழுக்கும் முன்பே மஞ்சளாகி, அமுக்கினால் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. ஒன்றை அரிந்து பார்த்தால் உள்ளே அரிசி மாதிரி வெள்ளைப் புழு, தட்டில் விட்டால் உடம்பை வளைத்துத் துள்ளிக் குதிக்கிறது. தர்மபுரியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஈ குத்தியிருக்குடா, சாம்பலைத் தூவு" என்றாள். தூவினேன். ஈ சட்டை செய்யவில்லை.

சரி என்று இந்தப் பொறியை வாங்கினேன். இரண்டு டப்பா, உள்ளே வைக்க ஈயை இழுக்கும் வாசனை ஊறிய நான்கு மருந்துக் கட்டை, 380 ரூபாய். அட்டையில் கொட்டை எழுத்தில் "பெரோமோன் பொறி, எல்லாப் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும்" என்று போட்டிருந்தது. பிரித்ததுமே வீடு முழுக்கக் கிராம்புத் தைல வாசனை, பல்வலிக்குப் பாட்டி பஞ்சில் நனைத்து வைப்பாளே, அச்சு அசல் அதே. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பந்தலில் கட்டினேன். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முதல் ஈ வந்துவிட்டது. டப்பாவைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்து, ஓட்டை விளிம்பில் உட்கார்ந்து, வாயால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, உள்ளே நுழைந்தது. நுழைந்ததுதான். சாயங்காலத்துக்குள் நாற்பதைத் தாண்டியது. ஒரு வாரத்தில் டப்பாவின் அடி தெரியவில்லை. படம் எடுத்து அபார்ட்மென்ட் குழுவில் போட்டு நாலு பேருக்கு லிங்க்கும் கொடுத்தேன், அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் பாகற்காய் அழுகுவது நிற்கவே இல்லை.

மூன்றாவது வாரம் டப்பாவைப் பழைய செய்தித்தாளில் கொட்டி, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செத்துக் கிடந்தவை எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிந்த சிறகு, வயிற்றில் கறுப்பாக ஆங்கில 'T' எழுத்துபோல ஒரு குறி. பந்தலில் பிஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது வேறு ஆள்: செம்பழுப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் கோடுகள், சிறகில் பழுப்புத் திட்டுகள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எறும்பு எழுத்தில் "மெத்தில் யூஜினால்". விஷயம் இங்கேதான். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் மா, கொய்யா ஈக்கு உண்டானது. பாகல், பீர்க்கன், சுரை, பூசணியைக் குத்துவது வேறு இனம், அதற்கு க்யூ லூர் என்ற வேறு சரக்கு வேண்டும். ஒன்றுக்கு வருவது மற்றொன்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எதிர் வீட்டில் இரண்டு மாமரம், கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு கொய்யா. நான் காசு கொடுத்து அவர்களுடைய ஈக்களை என் மாடிக்குக் கூப்பிட்டுக் கொன்றிருக்கிறேன்.

டப்பாவில் கிடந்தது அத்தனையும் ஆண். பெண் ஈ இதற்கு அநேகமாக வராது, ஆனால் காயைக் குத்தி முட்டை வைப்பது அவள்தான். ஆண் ஏன் இப்படி விழுந்தடித்து வருகிறான் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பாவமாகவே போய்விட்டது. அவனுக்கு இது பெண்ணின் வாசனை இல்லை. அவன் மெத்தில் யூஜினாலைத் தின்கிறான், உடம்புக்குள் அதை வேறு பொருளாக மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேமித்து, இருட்டும் நேரத்தில் காற்றில் விடுகிறான், அந்த வாசனைக்குப் பெண் வருகிறாள். தின்ற ஆணுக்குத் தின்னாத ஆணைவிட ஜோடி சேரும் வாய்ப்பு அதிகம். ஆக, மாப்பிள்ளை சென்ட் வாங்கப் போன கடையில் நாம் விஷம் வைத்திருக்கிறோம். பெரோமோன் என்றால் ஒரு பூச்சி தன் இனத்தையே கூப்பிடச் சுரந்து விடும் வாசனை, அட்டையில் அப்படிப் போடுவதும் சரியாகப் பார்த்தால் தப்பு, உள்ளே இருப்பது பெரோமோன் செய்யும் மூலப்பொருள். நிஜப் பெரோமோன் என்றால் பட்டுப்பூச்சியைச் சொல்லலாம்: பெண் அந்து தானே சுரந்து விடுவது, மூக்கில் பட்டதும் ஆண் சிறகடித்துக்கொண்டு தேடி வரும். புட்டெனாண்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1959-ல் அதைப் பிரித்தெடுக்க ஐந்து லட்சம் அந்துகளை அரைக்க வேண்டியிருந்தது.

இந்த மெத்தில் யூஜினால் நமக்குப் புதிது ஒன்றும் இல்லை, துளசியிலேயே இருக்கிறது. இதற்கு ஈ மயங்குவதைக் கண்டுபிடித்ததும் நம் நாட்டில்தான். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெயில் பழ ஈ மொய்ப்பதை 1912-ல் எழுதினார், 1915-ல் அதற்குக் காரணம் இந்தப் பொருள்தான் என்றார். நூறு வருஷப் பழைய சங்கதியை விற்பவர்கள் எந்த ஈக்கு எது என்று அட்டையில் ஒரு வரி போடக் கூடாதா?

உரக்கடை ஒன்றில் போய்க் கேட்டேன். கடைக்காரர் தமிழ்க்காரர், என் அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இது மாங்காய்க்குங்க. கொடிக் காய்க்கு இது" என்று மேசைக்கு அடியிலிருந்து வேறு கட்டையை எடுத்துக் கொடுத்தார். எழுபது ரூபாய், அதே டப்பாவிலேயே உட்கார்ந்தது. ஆனால் பழைய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். க்யூ லூருக்கு ஈ வரும், சாவகாசமாக வரும். என் மாடியில் நாளைக்கு ஐந்தாறு, மழை நாளில் ஒன்றும் இல்லை.

அதற்கப்புறமும் பொறி மட்டும் போதவில்லை. ஒரே ஒரு ஆண் தப்பினால் போதும், அவன் பல பெண்களோடு சேர்வான். ஊரில் இருக்கும் ஆண்களை ஏறக்குறைய எல்லாரையும் தீர்த்தால்தான் இந்த முறை முழுசாகப் பலிக்கும். பசிபிக்கில் ரோட்டா என்ற தீவில் 1960-களில் விமானத்திலிருந்து மருந்துக் கட்டைகளைப் போட்டு மா ஈயை அப்படித்தான் ஒழித்தார்கள். என் மொட்டைமாடி தீவு இல்லை, நாலு பக்கமும் மாமரம். அதனால் பிஞ்சு விரல் அளவு வந்ததும் காகிதப் பை கட்டுகிறேன், குத்துப்பட்ட காயைப் பாலிதீன் கவரில் போட்டு இறுகக் கட்டி வெயிலில் வைக்கிறேன். முன்பு அப்படியே உரத்தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன், அதாவது நானே புழு வளர்த்திருக்கிறேன். இப்போது பத்தில் ஏழு காய் சமையலுக்குத் தேறுகிறது.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கட்டையில் பூச்சிமருந்தும் ஊறியிருக்கிறது, ஆனால் கையுறை தரவில்லை, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நான் வெறுங்கையால் மாட்டி, கையைச் சட்டையில் துடைத்துவிட்டேன். மறுநாள் காலை அதே சட்டையோடு செடிக்குத் தண்ணீர் விடப் போனால் முழங்கைப் பக்கம் வரிசையாக ஆறு ஈ, தட்டினால் எழுந்து திரும்பவும் அங்கேயே உட்காருகின்றன. மனைவி போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். டப்பாவின் கொக்கி முதல் காற்றுக்கே உடைந்தது, கம்பி கட்டியிருக்கிறேன். மூன்று மாதம் வரும் என்றார்கள், ஏப்ரல் வெயிலில் எட்டாவது வாரமே வாசனை போய்விட்டது.

ஒற்றை ஸ்டார் போட்டவர்களில் பாதிப் பேர் இதைச் சமையலறையில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு "ஒன்றுகூட விழவில்லை" என்கிறார்கள். ஐயா, அது புளித்த வாசனைக்கு வரும் குட்டி ஈ, இதில் ஜென்மத்துக்கும் விழாது. கிண்ணத்தில் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு வையுங்கள், போதும்.

மா, கொய்யா வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மிச்சமிருந்த இரண்டு கிராம்பு வாசனைக் கட்டைகளைக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டேன், கையுறையோடு. இந்தத் தடவை சீபே ஹண்ணு (கன்னடத்தில் கொய்யாப் பழம்) புழு இல்லாமல் வந்தால் ஒரு கூடை எனக்கு என்று சொல்லியிருக்கிறார்.