ஏழு வருஷம், ஆறு குரூஸ், மூணு சூட்கேஸ்: பெட்டி உடைஞ்சா என்ன பண்ணணும்னு நான் கத்துக்கிட்டது

முக்கியமான விஷயத்தை மொதல்லயே சொல்லிடறேன், மீதியைப் படிக்க நேரம் இல்லாதவங்களுக்கு இது போதும். கப்பல்ல இருந்து இறங்கி லக்கேஜ் ஹால்ல பெட்டியை எடுத்ததும் அங்கேயே நாலு பக்கமும் திருப்பிப் பாருங்க, ஏதாவது உடைஞ்சிருந்தா அந்த ஹால் கதவைத் தாண்டுறதுக்கு முன்னாடி அங்க இருக்கற ஆள்கிட்ட சொல்லி எழுத்துல வாங்கிக்கோங்க. வீட்டுக்குப் போய் மெயில் போட்டுக்கலாம்னு நினைச்சீங்கன்னா பாதி போச்சு. எனக்கு ஒரு நல்ல பெட்டி அப்படித்தான் போச்சு.

ஏழு வருஷத்துல ஆறு குரூஸ் போயிருக்கேன், எல்லாமே எங்க அக்காகூட. மூணு பெட்டி மாத்தியாச்சு. மொதல்ல இருந்தது நாலு சக்கரம் வச்ச ஏபிஎஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக் பெட்டி, ரெண்டாவது டிரிப்லயே செத்துப் போச்சு. அடுத்தது பாலிகார்பனேட், அதுவும் ஒரு வகை பிளாஸ்டிக்தான், அது மூணாவது நாலாவது டிரிப் தாங்குச்சு. இப்ப வச்சிருக்கறது ரெண்டே சக்கரம் வச்ச நைலான் துணிப் பெட்டி, ரெண்டு டிரிப் ஆச்சு, இன்னும் ஓடிட்டிருக்கு.

பெட்டி எங்க அடி வாங்குதுன்னு தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். ஏறுற அன்னைக்கு டெர்மினல் வாசல்லயே போர்ட்டர்கிட்ட பெட்டியைக் குடுத்துடறோம், கேபின் நம்பர் போட்ட டேக் அதுல தொங்குது. அங்கேர்ந்து ஸ்கேனிங் முடிஞ்சு பெரிய பெரிய இரும்புக் கூண்டுல அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் வச்சு கப்பலுக்குள்ள ஏத்தறாங்க, அப்புறம் ஒவ்வொரு டெக்கா பிரிச்சு சாயங்காலத்துக்குள்ள கேபின் வாசல்ல கொண்டுவந்து வைக்கறாங்க. இறங்கும்போது இதே வேலை தலைகீழா நடக்கும், முந்தின நாள் ராத்திரி கலர் டேக் மாட்டி கதவுக்கு வெளிய வச்சிடணும், காலைல கரையில அந்தக் கலர் வரிசையில போய்த் தேடணும். ஒரு கப்பல்ல ரெண்டாயிரம் மூவாயிரம் பேர் இருந்தா ஆளுக்கு ஒண்ணு ரெண்டு பெட்டி, எல்லாத்தையும் சில மணி நேரத்துல இறக்கியாகணும். தூக்கறவங்களை நான் குத்தம் சொல்லவே மாட்டேன், அந்த வேலையை நேர்ல பார்த்தவன் நான். ஆனா கூண்டுக்கு அடியில மாட்டற பெட்டி மேல எத்தனை பெட்டி உக்காருதுன்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம பெட்டி அதுக்குத் தயாரா இருக்கணும்.

இப்ப அந்த ரெண்டாவது டிரிப். ஹால்ல எங்க கலர் வரிசையில பெட்டி படுத்த மாதிரி கிடந்துச்சு, நிமித்தினா ஒரு பக்கம் சாயுது. குனிஞ்சு பார்த்தா ஒரு சக்கரம் கூடோட சேர்த்துப் பிஞ்சு போயிருக்கு. ரிவெட் அடிச்ச இடத்துல ரெண்டு ஓட்டை, அந்த ஓட்டைல இருந்து மேல வரைக்கும் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், விரலை வச்சு அமுக்கினா உள்ள இருக்கற துணி தெரியுது. நான் அங்கேயே நின்னுட்டேன். அக்கா, "டேய் விடுடா, பெட்டிதானே, வெளிய வண்டி நிக்குது, வா"ன்னா. எனக்கும் அலுப்பு, காலைல அஞ்சரைக்கு எழுந்தது, சரின்னு தூக்கிட்டு வந்துட்டேன். மூணு நாள் கழிச்சு நல்லா போட்டோ எடுத்து விவரமா மெயில் போட்டேன். பத்து நாள்ல பதில் வந்துச்சு, ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருந்தாங்க: டெர்மினல்ல புகார் எதுவும் பதிவாகலை, அதனால பெட்டி நல்ல நிலைமையில உங்க கைக்கு வந்ததாத்தான் எடுத்துக்க முடியும்.

கோவம்னா அவ்ளோ கோவம். அப்புறம்தான் டிக்கெட் வாங்கும்போது டிக் மட்டும் அடிச்சுட்டு விட்ட அந்த நீள ஒப்பந்தத்தை உக்காந்து படிச்சேன், படிச்சப்பதான் ஏதென்ஸ் கன்வென்ஷன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. கப்பல் பயணிகளுக்கும் அவங்க லக்கேஜுக்கும் 1974ல போட்ட சர்வதேச ஒப்பந்தம் அது, 2002ல திருத்தி அந்தத் திருத்தம் 2014 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுல தெளிவா இருக்கு, கண்ணுக்குத் தெரியற சேதம்னா, நம்ம ஒப்படைச்ச பெட்டிக்கு அது திரும்ப நம்ம கைக்கு வர்ற நேரத்துலயோ அதுக்கு முன்னாடியோ எழுத்துல சொல்லணும், கேபின்ல நம்மகிட்டயே வச்சிருந்த சாமானுக்கு கப்பலை விட்டு இறங்கறதுக்குள்ள சொல்லணும். வெளிய தெரியாத சேதம்னா 15 நாள் டைம். இதை விட்டுட்டா, பெட்டி நல்லபடியா வந்துச்சுன்னுதான் கணக்கு, இல்லைன்னு நிரூபிக்கற வேலை நம்ம தலைல. எனக்கு வந்த பதில் அப்படியே இதுதான். சக்கரம் பிஞ்சது கண்ணுக்குத் தெரியற சேதம், நான் மூணு நாள் கழிச்சு சொன்னேன்.

அதே ஏதென்ஸ் ஒப்பந்தத்துல நமக்குச் சாதகமான ஒண்ணும் இருக்கு, இதைப் பலபேர் கவனிக்கறதில்லை. போர்ட்டர்கிட்ட குடுத்த பெட்டி உடைஞ்சா, தப்பு எங்க மேல இல்லைன்னு கப்பல்காரங்கதான் நிரூபிக்கணும். கேபினுக்குள்ள நம்ம கையில இருந்த சாமான்னா அப்படி இல்லை, அவங்க தப்புன்னு பெரும்பாலும் நாமதான் காட்டணும். நஷ்ட ஈட்டுக்கு உச்ச வரம்பும் உண்டு, கேபின் லக்கேஜுக்கு ஒரு ஆளுக்கு 2,250 எஸ்டிஆர், ஒப்படைச்ச லக்கேஜுக்கு 3,375 எஸ்டிஆர். எஸ்டிஆர்ங்கறது ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம் வச்சிருக்கற கணக்கு அலகு, டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு அஞ்சையும் கலந்து மதிப்பு போடுவாங்க, அன்னைக்கு ரேட் என்னன்னு நெட்ல பார்த்துக்கலாம். அதுலயும் மொத 149 எஸ்டிஆர் வரைக்கும் பயணியே ஏத்துக்கணும்னு கம்பெனி ஒப்பந்தத்துல போட்டுக்க அனுமதி இருக்கு, அதனால சாதாரணப் பெட்டி ஒண்ணு மட்டும் உடைஞ்சா கையில பெருசா ஒண்ணும் வராமலே போகலாம். இன்னொண்ணு, இந்த ஒப்பந்தம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அமெரிக்கா இதுல சேரலை. இது பொருந்தாத பயணங்கள்ல டிக்கெட் ஒப்பந்தத்துல எழுதின வரம்புதான், அது ரொம்பவே கம்மியா இருக்கும். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கெட் ஒப்பந்தத்துல லக்கேஜ் பத்தின பகுதியை மட்டுமாவது தயவுசெஞ்சு படிச்சிருங்க, பத்து நிமிஷ வேலைதான்.

நாலாவது டிரிப்ல பாலிகார்பனேட் பெட்டிக்கு அடி பட்டுச்சு. இந்த தடவை கீழ் மூலை உள்ள குழிஞ்சு நடுவுல ஒரு ஓட்டை, உள் லைனிங் கிழிஞ்சு, அடியில இருந்த சட்டை ரெண்டும் ஈரம். அக்காகிட்ட, "நீ இங்க உக்காரு, நான் முடிச்சுட்டுத்தான் வருவேன்"னு சொல்லிட்டு ஹால் ஓரத்துல இருந்த லக்கேஜ் டேபிளுக்குப் போனேன். அங்க இருந்தவர் பெட்டியை ஒரு பார்வை பார்த்துட்டு ஃபார்ம்ல சாதாரணத் தேய்மானம்னு எழுதப் போனார். இந்த இடம்தான் முக்கியம். பெரும்பாலான கம்பெனி விதியில சக்கரம், ஹேண்டில், வார், ஜிப், கீறல், சின்னக் குழி, அளவுக்கு மீறித் திணிச்சதால வந்த கிழிசல் இதெல்லாம் தேய்மானக் கணக்குல போயிடும், அதுக்கு ஒண்ணும் கிடைக்காது. நான் போனை எடுத்து ஏறுற அன்னைக்கு போர்ட்டர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவைக் காட்டினேன். அதே மூலை, அதே டேக், பெட்டி முழுசா இருக்கு. அவர் ரெண்டு தடவை பெருசு பண்ணிப் பார்த்தார். அப்புறம் எழுதினதை அடிச்சுட்டு, மூலையில ஓடு துளைஞ்சிருக்கு, லைனிங் கிழிஞ்சிருக்கு, உள்ள ஈரம்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தார். ஒரு காப்பி எனக்கு. மொத்தம் இருபது நிமிஷம்கூட ஆகலை.

அந்த ஒரு தாள்தான் எல்லாத்தையும் நடத்திக் குடுத்துச்சு. கம்பெனி அஞ்சு வாரம் எடுத்துக்கிட்டு வயசுக்குத் தேய்மானம் கழிச்சு ஒரு பகுதியைக் குடுத்தாங்க. மீதியை டிராவல் இன்சூரன்ஸ்ல கேட்டேன், அவங்க கேட்டது அந்த ஃபார்ம், பெட்டி வாங்கின பில், போட்டோ, கப்பல் கம்பெனி எவ்வளவு குடுத்தாங்கங்கற கடிதம். எல்லாம் இருந்துச்சு, கொஞ்சம் கழிச்சுட்டுக் குடுத்துட்டாங்க. இங்க ஒரு எச்சரிக்கை: கிளெய்ம் முடியற வரைக்கும் உடைஞ்ச பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பெட்டியை நேர்ல பார்க்கணும், இல்ல ரிப்பேர் கடைல எழுதி வாங்கிட்டு வாங்கன்னு கேப்பாங்க. அக்கா வீட்டை ஒழிக்கறேன்னு அதை வெளிய வச்சிட்டா, நல்ல வேளையா அன்னைக்கே பார்த்து எடுத்துட்டு வந்தேன்.

ஃப்ளைட்ல போய் அப்புறம் கப்பல் ஏறுறவங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. ஏர்போர்ட் பெல்ட்ல பெட்டியைப் பார்க்காம எடுத்துட்டு நேரா துறைமுகம் போயிட்டு, கப்பல்ல திறக்கும்போது உடைஞ்சிருக்கறதைப் பார்த்தீங்கன்னா, விமானக் கம்பெனி கப்பலைக் கைகாட்டும், கப்பல் விமானத்தைக் கைகாட்டும், நடுவுல நாம. விமானத்துக்கு இருக்கறது மான்ட்ரியல் கன்வென்ஷன், அதுல சேதம்னா பெட்டி கைக்கு வந்த 7 நாளைக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும். ஏழு நாள் குரூஸ் முடிச்சுட்டு வந்து பார்த்துக்கலாம்னா அந்தக் கெடுவும் ஓடிப் போயிருக்கும். அதனால நான் இப்பல்லாம் மூணு தடவை போட்டோ எடுக்கறேன், வீட்ல ஒண்ணு, பெல்ட்ல எடுத்ததும் ஒண்ணு, போர்ட்டர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க உடைஞ்சாலும் யார் கையில உடைஞ்சதுன்னு அதுவே சொல்லிடும்.

ஏறின அன்னைக்கே கேபின் வாசல்ல உடைஞ்ச பெட்டி வந்து நின்னா நீங்க கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. மூணாவது டிரிப்ல எனக்கு இழுக்கற ஹேண்டில் பாதியில மாட்டிக்கிட்டு மேலயும் வரலை கீழயும் போகலை. கெஸ்ட் சர்வீஸ் கவுன்ட்டர்ல சொன்னதும் பெட்டியை வாங்கிட்டுப் போய் கப்பல்ல இருக்கற மெயின்டெனன்ஸ் ஆளுங்களே சரி பண்ணி மறுநாள் கேபின்ல வச்சிருந்தாங்க. எல்லாக் கப்பல்லயும் செய்வாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா கேக்கறதுல தப்பில்லை. அங்கயும் புகார் பதிவு பண்ணினதுக்கு ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கோங்க, கடைசி நாள் கூட்டத்துல இதைப் போய்க் கேட்டுட்டு நிக்க முடியாது.

பெட்டி எது வாங்கலாம்னு கேட்டா என் அனுபவத்துல சொல்றேன். ஏபிஎஸ் வேணவே வேணாம், பாரம் விழுந்தா வளையாம விரிசல் விடும். பாலிகார்பனேட்டும் பாலிப்ராப்பிலீனும் வளைஞ்சு குடுக்கும், குழி விழுந்தாக்கூட பலநேரம் உள்ளேர்ந்து அமுக்கினா வெளிய வந்துரும், ஆனா கூரான எதுலயாவது மூலை மாட்டினா என் பெட்டி மாதிரி ஓட்டை விழும். நாலு சக்கரப் பெட்டி ஹால்ல தள்ளறதுக்கு சுகம்தான், ஆனா அந்த நாலும் வெளிய துருத்திட்டு இருக்கு, கூண்டுல இழுக்கும்போது மொத அடி அதுக்குத்தான். ரெண்டு சக்கரப் பெட்டில சக்கரம் பாதி உடம்புக்குள்ள இருக்கும். நைலான் பெட்டில குறை என்னன்னா மழையில துறைமுகத்துல நின்னா தண்ணி உள்ள இறங்கும், அதனால துணியெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைக்கறேன். கட்டிலுக்கு அடியில தள்ளறதுக்கும், ஒரு பக்கம் மட்டும் திறந்து எடுக்கறதுக்கும் சின்ன கேபின்ல இதுதான் வசதி. சக்கரம் ரிவெட்டா ஸ்க்ரூவான்னு கடைல கவிழ்த்துப் பாருங்க, ஸ்க்ரூன்னா வீட்லயே மாத்திடலாம். வாரன்டி கார்டையும் படிங்க, விமானமோ கப்பலோ ஏத்திட்டுப் போறவங்க உடைச்சா வாரன்டி கிடையாதுன்னு பல கம்பெனி எழுதியிருப்பாங்க. பிரிக்ஸ் அண்ட் ரைலி மாதிரி விமானத்துல உடைஞ்சாலும் ரிப்பேர் பண்ணித் தர்றவங்களும் இருக்காங்க, விலை கூடத்தான்.

மாத்திரை, பாஸ்போர்ட், கேமரா, நகை எதையும் ஒப்படைக்கற பெட்டில போடாதீங்க. காசு, நகை மாதிரி விலை ஒசந்த பொருளைக் கப்பல்ல பத்திரமா வைக்கச் சொல்லி முறையா ஒப்படைச்சிருந்தா தவிர அதுக்குப் பொறுப்பு கிடையாதுன்னு அதே ஏதென்ஸ் ஒப்பந்தத்துல இருக்கு. முடிஞ்சவங்க கடைசி நாள் பெட்டியை வெளிய வைக்காம தானே இழுத்துட்டு இறங்கலாம், நெறைய கப்பல்ல அனுமதிக்கறாங்க. அக்காவுக்கு முட்டி வலி இருக்கறதால எங்களால அது ஆகறதில்லை.

ஆறாவது டிரிப் போன மாசம் முடிஞ்சுது. ஹால்ல பெட்டியைக் கண்டுபிடிச்சு நான் கைவைக்கறதுக்குள்ள அக்கா குனிஞ்சு ரெண்டு சக்கரத்தையும் சுத்தி விட்டுப் பார்த்தா, நாலு மூலையையும் தடவினா, ஜிப்பை முழுசா ஒரு சுத்து இழுத்துப் பார்த்தா. வெளிய வண்டி நின்னுட்டிருந்துச்சு. "இரு, அடியிலயும் பார்த்துடறேன்"னு பெட்டியைக் கவிழ்த்தா. ஒண்ணும் ஆகலை. அப்புறம்தான் "சரிடா, வா"ன்னா.